வாஷிங் மெஷின் டியூபை மழைநீர் குழாயில் சொருகாதீங்க! பைப், பிட்டிங்ஸ் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

திருப்பூர்:

வாஷிங் மெஷினை ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குகிறோம். அழுக்குத் தண்ணீர் வெளியேறும் டியூபை மட்டும் ‘தண்ணிதானே, எங்கயாவது போகட்டும்’ என்று விட்டு விடுகிறோம். கொஞ்ச நாளில் பாத்ரூமில் நாற்றம், கரப்பான் பூச்சி தொல்லை, கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம், அதனால் சண்டை என்று வரிசையாக பிரச்சினை வருகிறது. சரியான பிட்டிங்கை தேர்வு செய்தால் இந்த தலைவலியே இல்லை.

மேலே தள்ளுமா, கீழே விடுமா?

கடைக்குப் போகும் முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன்பக்கம் கதவு உள்ள பிரண்ட் லோடு மெஷினில் தண்ணீரை வெளியே தள்ள பம்ப் இருக்கும். செமி ஆட்டோமேட்டிக் மெஷின் பலவற்றிலும், சில டாப் லோடு மெஷின்களிலும் பம்ப் கிடையாது. தண்ணீர் தானாகவே இறங்கி ஓட வேண்டும். உங்கள் மெஷின் எந்த ரகம் என்று கூட வந்த புத்தகத்தில் இருக்கும்.

பம்ப் இல்லாத மெஷின் என்றால் டியூப் தரையோடு தரையாக, சரிவாகப் போக வேண்டும். வாசல்படியைத் தாண்டி அரை அடி தூக்கிப் போட்டாலே தண்ணீர் தொட்டியில் தேங்கி விடும். லைன் வீடுகளில் மெஷினை வெளியே வைத்து டியூபை சாக்கடைக்கு விடுபவர்கள் இதை கவனிக்க வேண்டும். நீளம் பத்தவில்லை என்று டியூபோடு டியூபை ஒட்டுப் போட்டுக்கொண்டே போனாலும் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும்.

பம்ப் உள்ள மெஷினுக்கு இது அப்படியே தலைகீழ். டியூபின் வளைவு தரையில் இருந்து 2 அடிக்கு மேல், சுமார் 3 அடிக்குள் இருக்க வேண்டும். தரையில் போட்டால் ஒரு பக்கம் தண்ணீர் ஏற ஏற, மறுபக்கம் தானாக வெளியே ஓடும். துணியும் துவைக்காது, தண்ணீரும் வீண், கரண்ட் பில்லும் எகிறும்.

என்ன சைஸ் பைப்?

பம்ப் உள்ள மெஷினுக்கு சுவரோரம் நிற்கும் பைப் 40 அல்லது 50 மில்லி மீட்டர் இருக்கட்டும். டியூப் அதற்குள் லூசாக நிற்க வேண்டும். நான்கைந்து அங்குலம் உள்ளே போனால் போதும். ‘லீக் ஆகும்’ என்று பயந்து சுற்றிலும் எம்-சீல் வைத்து அடைத்து விடாதீர்கள். காற்று போக இடம் இல்லாவிட்டால் தண்ணீர் தானாக உறிஞ்சப்பட்டு வெளியேறும். டியூப் நழுவாமல் இருக்க கிளாம்ப் போட்டு கட்டினால் போதும்.

பைப் வாங்கும்போது ‘டைப் பி’ என்று கேட்டு வாங்குங்கள். கழிவுநீருக்கான எஸ்.டபிள்யூ.ஆர். பைப்பில் ஐ.எஸ். 13592 என்ற முத்திரையும் ரகமும் அச்சடித்து இருக்கும். ‘டைப் ஏ’ மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உள்ள மெல்லிய ரகம். சுடு தண்ணீரில் துவைப்பவர்களுக்கு கனமான பைப்தான் நல்லது.

நாற்றத்துக்கு மருந்து

பைப் நேராக சாக்கடையில் முடியக் கூடாது. நடுவில் டிராப் கட்டாயம். அதில் 2 அங்குல உயரத்துக்கு தண்ணீர் நின்று, சாக்கடை வாயுவையும் பூச்சியையும் தடுக்கும். பாத்ரூமில் ஏற்கனவே தரை டிராப் இருந்தால், டியூப் நுழைய ஓட்டை உள்ள ஜாலி கடையில் கிடைக்கிறது. பழைய ஜாலியை கழற்றி இதை மாட்டினால் வேலை முடிந்தது. பம்ப் உள்ள மெஷின் என்றால் டியூபை சுவரில் 2 அடிக்கு மேல் தூக்கி கட்டி, பிறகு ஜாலிக்குள் இறக்க வேண்டும்.

குடிக்கிற தண்ணிக்கே ஆபத்து

பலரும் செய்யும் பெரிய தப்பு, பால்கனியில் மெஷினை வைத்து, பக்கத்தில் இறங்கும் மழைநீர் குழாயில் டியூபை சொருகுவது. தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. அதனால் பல வீடுகளில் அந்தக் குழாய் முடிவது சேகரிப்பு குழியில். சோப்பு தண்ணீர் அங்கே போனால் உங்கள் கிணற்றுக்கும் போருக்கும்தான் இறங்கும். அந்தக் குழாய் எங்கே போகிறது என்று வீட்டு ஓனரிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது

டியூபின் முனையை நூலால் சுற்றி அளந்து, அந்த நூலை கையோடு கொண்டு போங்கள். கண் அளவில் வாங்கினால் திரும்ப அலைய வேண்டும். பைப், எல்போ, டிராப், கிளாம்ப் எல்லாம் ஒரே சைஸில் இருக்கட்டும். பைப்புக்கு சால்வன்ட் பசை போடலாம். டியூபுக்கு பசை வேண்டாம், ரிப்பேர் வந்தால் கழற்ற முடியாது.

வேலை முடிந்ததும் பிளம்பர் கிளம்பும் முன், 2 பக்கெட் தண்ணீரை ஒரே மூச்சில் பைப்பில் ஊற்றச் சொல்லுங்கள். எதிர்த்து வராமல் இறங்க வேண்டும். ஒவ்வொரு ஜாயிண்டையும் காய்ந்த பேப்பரால் தொட்டுப் பாருங்கள்.

எப்போதாவது மெஷின் அடியில் தண்ணீர் தேங்கி இருந்தால், அதில் கால் வைக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை ஆப் செய்யுங்கள். உயிர் விஷயம், அலட்சியம் வேண்டாம்.