இருபதாண்டுக் கடனும் நகராத சுவர்களும்

புணே மாநகரில் உள்ள எங்கள் கிளைக்குச் சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளர் வந்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் கடன் பெற்று, இரண்டு படுக்கையறைகள் கொண்ட அடுக்குமாடி வீடு வாங்கியவர். தவணை ஒருமுறைகூடத் தவறியதில்லை. தந்தையார் காலமானபின் தாயாரைத் திருநெல்வேலியிலிருந்து அழைத்து வந்திருந்தார். மகள் பத்தாம் வகுப்பிலும் மகன் ஆறாம் வகுப்பிலும் படிக்கின்றனர். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையே உள்ள சுவரை நான்கடி நகர்த்தி, தாயாருக்கென ஒரு சிற்றறை அமைக்க எண்ணிக் கூடுதல் கடன் கேட்டார். எங்கள் மதிப்பீட்டுப் பொறியாளர் நேரில் பார்த்துவிட்டு ஒரே வரியில் அறிக்கை தந்தார்: ‘கட்டடத்தைத் தாங்கும் கான்கிரீட் சுவர், அகற்ற இயலாது.’ கடன் மறுக்கப்பட்டது. மறுப்புக் கடிதத்தில் கையொப்பமிட்டவன் நான்தான்.

அன்றிலிருந்து வீட்டுக் கடன் விண்ணப்பங்களோடு வரும் கட்டட வரைபடங்களை வேறு கண்ணோடு பார்த்து வருகிறேன். 40 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெறுபவர் மாதந்தோறும் ஏறத்தாழ 34,700 ரூபாய் வீதம் மொத்தம் 83 லட்சத்துக்கும் மேல் திருப்பிச் செலுத்துகிறார். அந்த 20 ஆண்டுகளுக்குள் பிள்ளைப்பேறு, பெற்றோரின் வருகை, பிள்ளைகள் வெளியூர் செல்லுதல் என ஒரு குடும்பத்தின் உருவமே மாறிவிடுகிறது. நாங்கள் விண்ணப்பதாரரின் வருமானத்தைப் பார்க்கிறோம். ஓய்வுபெறும் வயதைப் பார்க்கிறோம். மூல ஆவணங்களைப் பல்லாண்டுகள் பின்னோக்கிப் பார்க்கிறோம். வாங்கும் வீடு குடும்பத்துக்கேற்ப மாறக்கூடியதா என்று கேட்கும் கட்டம் நான் கண்ட எந்தப் படிவத்திலும் இல்லை.

பழைய புணேயில் இந்த இடர் இவ்வளவு இல்லை. ‘வாடா’ எனப்படும் அந்நகரின் மரபு வீடுகள், நம் ஊர் முற்றத்து வீடுகளைப் போலவே, நடு முற்றத்தைச் சுற்றி மரத் தூண்களின்மீது எழுந்தவை. குடும்பம் பெருகினால் தடுப்புகள் கூடின. சுருங்கினால் ஒரு பகுதி வாடகைக்குப் போயிற்று. 1961 ஜூலை 12 அன்று பான்ஷெத் அணை உடைந்து புகுந்த வெள்ளம் ஆற்றங்கரைப் பேட்டைகளில் பல வாடாக்களைச் சாய்த்தது. எஞ்சியவை பலவற்றை நில விலை விழுங்கியது. நகரம் மேல்நோக்கி வளர்ந்தது.

இன்று எழும் உயர்மாடிக் கட்டடங்கள் பலவற்றில் அலுமினிய அச்சு முறை கையாளப்படுகிறது. சுவர்களையும் தளத்தையும் ஒரே வேளையில் கான்கிரீட்டால் வார்த்தெடுக்கும் முறை இது; கட்டுநர்கள் ‘மைவன்’ என்று சொல்வதும் இதையே. வேலை விரைவாக முடிகிறது; பூச்சு வேலை குறைகிறது; நிலநடுக்கத்தைத் தாங்கும் திறனும் மிகுதி. கடன் கொடுப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் குறை சொல்ல ஏதுமில்லை, கட்டடம் குறித்த காலத்தில் முடிவதே எங்களுக்கு முதல் நிம்மதி. ஆனால், தூணும் உத்திரமும் சுமையைத் தாங்க, இடையில் செங்கல்லோ கட்டியோ அடுக்கும் பழைய முறையில், உட்சுவரைப் பொறியாளரின் ஒப்புதலோடு அகற்ற முடியும். வார்த்தெடுத்த வீட்டில் அந்த வழி அடைபடுகிறது.

இதே புணேயில் வேறு கோணத்தில் செய்யப்பட்ட முயற்சி ஒன்றும் உண்டு. ஹடப்சர் பகுதியில், அமனோரா பார்க் டவுன் நகரியத்தில், 2018இல் நிறைவு பெற்ற ‘ஃபியூச்சர் டவர்ஸ்’ குடியிருப்பை நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரைச் சேர்ந்த எம்விஆர்டிவி நிறுவனம் வடிவமைத்தது. அறுகோண முற்றங்களைச் சுற்றி மலைத்தொடர் போல ஏறி இறங்கும் ஒரே கட்டடத்தில் 1,068 வீடுகள். ஏறத்தாழ 3,500 பேர் வாழலாம். மிகச் சிறிய வீடு 45 சதுர மீட்டர், மிகப் பெரியது 450 சதுர மீட்டர். அதாவது 480 சதுர அடியில் தொடங்கி 4,800 சதுர அடி வரை. ஒரே அளவு வீட்டை முப்பது மாடிக்கு அச்சடித்தாற்போல் அடுக்கும் வழக்கத்துக்கு இது மாறானது. சுவரை நகர்த்த இயலாதவர், அண்டை அயலையும் பிள்ளைகளின் பள்ளியையும் இழக்காமல், அதே வளாகத்தில் வேறு அளவு வீட்டுக்கு மாறலாம். இந்த அமைப்பில் எனக்குப் பெரும் பயனாகப் படுவது அதுதான்.

மாறுவதற்கும் விலை உண்டு. 60 லட்ச ரூபாய் வீட்டை விற்று 90 லட்ச ரூபாய் வீட்டுக்குப் போகிறவர், புணேயில் கூடுதல் வரிகள் உட்பட 7 சதவீத முத்திரைத் தீர்வையாக 6.30 லட்சமும், பதிவுக் கட்டணமாக 30,000 ரூபாயும் செலுத்த வேண்டும். வாங்குபவர் பெண்ணாயின் தீர்வையில் 1 சதவீதம் குறையும். தனிநபர் பெற்ற மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே முடிக்க வங்கிகள் தண்டக் கட்டணம் வசூலிக்க இயலாது என்பது ஓர் ஆறுதல்.

வீட்டையே கழற்றி மாட்டும் கனவும் பழையதுதான். டோக்கியோவில் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா 1972இல் அமைத்த நகாகின் கோபுரத்தில் 140 சிற்றறைக் கூடுகள் பொருத்தப்பட்டன. 25 ஆண்டுகளுக்கொருமுறை அவற்றைப் புதுப்பித்து மாட்டலாம் என்பது திட்டம். ஒரு கூடுகூட மாற்றப்படாமலே 2022இல் கோபுரம் பிரித்தெடுக்கப்பட்டது. சிங்கப்பூரின் வீட்டுவசதி வாரியம் கனவைச் சுருக்கிக்கொண்டு நடைமுறைக்கு வந்திருக்கிறது: 2024இல் அறிவித்த ஒரு திட்டத்தில், அறைகளுக்கிடையே தடுப்புச் சுவர்களே எழுப்பாத வீடுகளை அளிக்கிறது. எங்கே தடுப்பது என்பதைக் குடியிருப்பவர் முடிவு செய்யலாம். நம் கட்டுநர்களும் ஒரு தளத்திலாவது இதைச் செய்து பார்க்கலாம் என்பது என் ஆசை.

அதுவரை, முன்பணம் கொடுக்குமுன் கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டுப் பெறுங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடங்களையும் விவரக் குறிப்புகளையும் பெறும் உரிமையை 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டத்தின் 19ஆம் பிரிவு உங்களுக்கு அளிக்கிறது. சுமை தாங்கும் சுவர்கள் எவை, வெறும் தடுப்புகள் எவை என்று அதில் குறித்துத் தரச் சொல்லுங்கள். அதே சட்டத்தின்படி கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து ஆண்டுகள் வரை கட்டுநரே பொறுப்பு. ஆனால் எழுத்துமூல ஒப்புதலின்றி மாற்றம் செய்தால் அந்தப் பொறுப்பு நீங்கும் என்ற விதி பல விற்பனை ஒப்பந்தங்களில் உள்ளது. சங்கத்தின் அனுமதியும், வீடு அடமானத்தில் இருக்கும்வரை வங்கியின் சம்மதமும் தேவை.

மராட்டியத்தில் ‘ஜோடி ஃபிளாட்’ என்றொரு வழக்கம் உண்டு. அடுத்தடுத்த இரு சிறு வீடுகளை வாங்கி, இடையே கதவு வைத்துக்கொள்வார்கள். தேவை தீர்ந்ததும் ஒன்றை வாடகைக்கு விடலாம், விற்கவும் செய்யலாம். கதவுக்கான இடைவெளியைக் கட்டும்போதே விடச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே கடனுக்கு ஈடாக வைத்தால் ஒன்றைத் தனியே விற்கும்போது விடுவிப்புச் சிக்கல் எழும். ஆகவே இரு ஒப்பந்தம், இரு கடன் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

எங்கள் வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்து மீண்டும் வந்தார். தம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அதே வளாகத்தில் மூன்று படுக்கையறை வீடொன்றில் வாடகைக்குக் குடியேறப் போவதாகக் கூறி, எங்கள் சம்மதக் கடிதம் கேட்டார். வாடகை வித்தியாசம் மாதம் 14,000 ரூபாய். தவணைக்கு மேல் அது தனிச் சுமை. கடிதத்தை அன்றே தட்டச்சு செய்து கொடுத்தேன். தாயாருக்குத் தரைத்தளத்திலேயே வீடு கிடைத்துவிட்டது என்றும், மாலையில் கீழே உள்ள முற்றத்தில் ஒரு மராத்திப் பாட்டியுடன் அமர்ந்திருக்கிறார் என்றும், இருவருக்கும் பொதுவான மொழி ஏதுமில்லை என்றும் பின்னொரு நாள் தவணை பற்றிப் பேச வந்தபோது சொன்னார்.