பிஞ்சு உள்ளங்களும் ஓதும் பள்ளியும்

"ஹஜ்ரத், கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்; தோலை உரித்தாலும் ஏனென்று கேட்க மாட்டோம்."

குர்ஆன் ஓதும் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பனார்கள் வழிவழியாகச் சொல்லிவரும் சொல் இது. அன்பிற்குரிய வாசகர்களே, உங்களுள் சிலரும் சொல்லியிருக்கக்கூடும். உஸ்தாதின் மீதுள்ள மதிப்பினால் எழும் சொல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தகப்பனாரின் விரலைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளையின் செவியில் அது எவ்வாறு விழுகின்றது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், மதரஸாவில் ஸனது பெற்று வெளிவந்த புதிதில், சிற்றூர் ஒன்றின் மக்தபில் ஓதிக்கொடுத்து வந்தேன். "அலிஃபுக்கு ஸபர் அ, ஸேர் இ, பேஷ் உ" என்று பிள்ளைகள் உரத்த குரலில் ஓதுவார்கள். ஒரு சிறுவனுக்கு மட்டும் 'ஐன்' எழுத்து தொண்டையிலிருந்து எழவேயில்லை. பொறுமையிழந்த நான் பிரம்பை ஓங்கி ரிஹால் பலகையின் மீது அடித்தேன். அவன் மேனியில் அடி விழவில்லை. ஆனால் பாய் நனைந்துவிட்டது. மறுநாள் அவன் வரவில்லை. அதன் பின்னரும் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து அவனது வீட்டைக் கடந்து செல்ல நேர்ந்தது. திண்ணையில் கோலிக்குண்டுகளை உருட்டியவாறே அல்ஹம்து சூராவை ஓதிக்கொண்டிருந்தான். 'ஆலமீன்' என்னும் சொல்லின் ஐன், தொண்டையின் நடுவிலிருந்து குற்றமறப் பிறந்தது. சுபுஹுக்குப் பின் அவனது பாட்டியார் ஓதுவதைக் கேட்டுக் கேட்டே அவனுக்கு வந்த ஓதல் அது எனப் பின்னர் அறிந்தேன். என்னைக் கண்டதும் அவன் ஓதுவதை நிறுத்திக்கொண்டான்.

குழந்தை எவ்வாறு கற்கின்றது என்பதை மதரஸாவில் எனக்கு எவரும் கற்பிக்கவில்லை என்று கூறித் தப்பித்துக்கொள்ள முடியாது. ஸஹீஹுல் புகாரியை ஓதித்தானே ஸனது பெற்றேன்? அதிலே அம்ர் இப்னு ஸலிமா (ரலி) அவர்களின் வரலாறு உண்டு. அவர்களுடைய கூட்டத்தார் வழிப்போக்கர்கள் தங்கிச் செல்லும் நீர்நிலையொன்றின் அருகே வாழ்ந்தனர். அவ்வழியே செல்வோர் ஓதக் கேட்டே அச்சிறுவர் இறைவசனங்களை உள்ளத்தில் பதித்துக்கொண்டார். மக்கா வெற்றிக்குப் பின் அவர்தம் குலத்தார் இஸ்லாத்தைத் தழுவியபோது, குர்ஆனை அதிகம் அறிந்தவர் யாரெனத் தேடினர்; ஆறு அல்லது ஏழு வயதுடைய இச்சிறுவரையே இமாமாக முன்னிறுத்தினர். அவரது மேலாடை சிறியதாயிருந்தமையால் துணி வாங்கிச் சட்டை தைத்துக் கொடுத்தனர். அச்சட்டையைப் பெற்ற மகிழ்ச்சிக்கு ஈடாக வேறெதுவும் தம்மை மகிழ்விக்கவில்லை என அவரே பிற்காலத்தில் கூறினார். இமாமானாலும் குழந்தை குழந்தைதானே!

மஹ்மூத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் செய்தி இன்னும் நுட்பமானது. அவருக்கு ஐந்து வயதாயிருக்கையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாளி நீரை வாயில் எடுத்து, விளையாட்டாக அவரது முகத்தில் உமிழ்ந்தார்கள். அதை அவர் இறுதிவரை மறக்கவில்லை. இமாம் புகாரி (ரஹ்) இந்நிகழ்ச்சியைக் கல்வி பற்றிய பாடத்தில் இடம்பெறச் செய்துள்ளார்கள். ஒரு பிள்ளை எந்த வயதில் கேட்டதை அறிவிப்பாக ஏற்கலாம் என்று ஆராய்ந்த ஹதீஸ் கலை மேதைகள் பலர், ஐந்து வயது என்பதற்கு இதனையே சான்றாகக் கொண்டனர். ஒரு விளையாட்டிலிருந்து ஒரு கலையின் விதி பிறந்திருக்கின்றது, பாருங்கள்!

"தொழாத பிள்ளையைப் பத்து வயதில் அடிக்கச் சொல்லி ஹதீஸ் இருக்கின்றதே" எனச் சிலர் வினவுவர். உண்மைதான். ஆனால் ஏழு வயதில் தொழுகைக்கு ஏவுமாறு அதே ஹதீஸ் முதலில் கூறுகின்றது. ஏழுக்கும் பத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள். நாளொன்றுக்கு ஐந்து வேளை எனக் கணக்கிட்டால் 5,000க்கும் மேற்பட்ட அழைப்புகள்! அதன் பின்னரும் முகத்தைத் தவிர்க்க வேண்டும், காயப்படுத்தலாகாது எனச் சட்ட அறிஞர்கள் வரம்பிட்டனர். 'ஐன்' வராத ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த ஹதீஸில் பிரம்பு ஏது?

1111ஆம் ஆண்டு மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில், மக்தபிலிருந்து திரும்பும் பிள்ளையை நல்ல விளையாட்டில் ஈடுபட விட வேண்டும் என்றும், அதனைத் தடுத்து ஓயாது படிக்கச் செய்தால் அவனது உள்ளம் செத்து, அறிவு மழுங்கிவிடும் என்றும் எச்சரிக்கின்றார்கள். இப்னு கல்தூன் 1377இல் எழுதி முடித்த முகத்திமாவில், கடுமையில் வளர்க்கப்படும் பிள்ளை அடிக்கு அஞ்சிப் பொய்யும் சூதும் பழகிக்கொள்ளும் என்று விளக்குகின்றார். நாம் எத்தனை பொய்களைப் பிரம்பால் கற்பித்திருப்போமோ!

இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் நம் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவி உணரும். கண்ணும் கையும் செவியும் ஒருங்கே பயிலும். எழுத்துகளைப் பலகையில் எழுதித் தந்து, பிள்ளையின் விரலைப் பற்றி அவற்றின்மேல் நடத்திய பழைய உஸ்தாதுகளை எனக்கு இது நினைவூட்டுகின்றது. நம் பலகை போய்விட்டது. பிரம்பு சில இடங்களில் எஞ்சி நிற்கின்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்தது. 2012ஆம் ஆண்டின் திருத்தம் மதரஸாக்களை அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. இதனை ஒரு சலுகையாகக் கருத என் மனம் இசையவில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். நான்கைந்து வயதுப் பிள்ளைகளைப் பெரிய பிள்ளைகளோடு ஒன்றரை மணி நேரம் அமர்த்தி வைக்காதீர்கள். அரைமணி ஓதல் போதும். பின்னர் பள்ளிவாசல் முற்றத்தில் அவர்கள் ஓடட்டும். சப்தம் கேட்கும், பெரியவர்கள் சற்றே பொறுத்துக்கொள்ள வேண்டும். "இன்னும் குர்ஆனில் ஏறவில்லையா?" என மாதந்தோறும் உஸ்தாதை நெருக்கும் பெற்றோருக்கும் ஒன்று கூறுவேன். வரும் ஷவ்வாலில் பிள்ளையைச் சேர்க்க வருகையில், அவன் வீட்டில் யார் ஓதக் கேட்டு வளர்ந்தான், எந்தச் சூரா அவன் வாயில் தானாக வருகின்றது என்பதை உஸ்தாதிடம் சொல்லுங்கள். அவர் அங்கிருந்து தொடங்கட்டும்.