உங்கள் ஹாலுக்கு எத்தனை இன்ச் ஸ்பீக்கர்? ஹோம் தியேட்டர் வாங்கும் முன் அளவு டேப்பை எடுங்க!

திருச்சுழி பக்கத்துக் கிராமங்களில் மாரியம்மன் பொங்கல் வந்துவிட்டால், வேப்பமரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். கரிசல் காட்டில் மரமும் கட்டடமும் குறைவு என்பதால் பாட்டு அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். ஆனால், யார் வீட்டுச் சுவரும் அதிராது. அதே ஊரில் ஒரு வீட்டுக்குள் ஹோம் தியேட்டரைப் போட்டுப் பாருங்கள். பாட்டு வாசலைத் தாண்டாது. பக்கத்து வீட்டு எவர்சில்வர் தட்டு மட்டும் கடகடக்கும். காரணம், பேஸ்!

குழாய் ஸ்பீக்கர் குரலுக்கானது. சப்வூஃபரோ, சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிநாதத்துக்காகவே செய்யப்பட்டது. இந்த அடிநாதம் சுவரையே அதிரவைத்து அந்தப் பக்கம் போய்விடும். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர் இருப்பது சகஜம். பகலில் தறிச் சத்தத்தில் கரைந்துபோகும் 'தும் தும்', இரவில் தெரு அடங்கிய பிறகு தூங்கும் குழந்தையை எழுப்பிவிடும். தவறான ஸ்பீக்கரால் காசும் போகும், அக்கம்பக்கத்து உறவும் கெடும்.

முதலில் அறை, பிறகு கடை

கடையில் 12 இன்ச் சப்வூஃபர் அதிரும்போது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால், கடையின் ஹால் வேறு, நம் வீட்டு ஹால் வேறு.

ஒவ்வோர் அறையும் தன் அளவுக்கேற்ற சில அலைவரிசைகளைத் தானே பெருக்கிக்காட்டும். 12 அடி நீளம் சுமார் 47 ஹெர்ட்ஸைத் தூக்கிவிடும். 10 அடி அகலம் சுமார் 56 ஹெர்ட்ஸைத் தூக்கும். கூரையும் 10 அடி உயரம் என்றால் அந்த 56 ஹெர்ட்ஸ் இன்னும் எகிறும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே மாதிரி இரைச்சல் கேட்பது இதனால்தான். இதில் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை.

பொதுவாக இந்த அளவுகள் போதும்:

* 10-க்கு 12 அடி அறை: 8 இன்ச் சப்வூஃபர், 4 இன்ச் ஸ்பீக்கர்கள்
* 15-க்கு 20 அடி ஹால்: 10 இன்ச் சப்வூஃபர், 5 முதல் 6.5 இன்ச் ஸ்பீக்கர்கள்
* அதைவிடப் பெரிய ஹால், தனி வீடு: 12 இன்ச்

பெட்டியில் 'பி.எம்.பி.ஓ' என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். 'ஆர்.எம்.எஸ்' எவ்வளவு என்று கேளுங்கள். அதுதான் தொடர்ந்து கிடைக்கும் உண்மையான பவர்.

செட்டிங்கில் கைவைக்கும்போது

கிராஸ்ஓவர் என்பது ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் இடையே வேலையைப் பிரித்துக்கொடுக்கும் எல்லைக்கோடு. 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். 4 இன்ச் ஸ்பீக்கர் என்றால் 100 வரை போகலாம். 3 இன்ச் என்றால் 120-க்கு மேலும் தேவைப்படும். ரிசீவரில் 'லார்ஜ்', 'ஸ்மால்' என்று கேட்டால், வீட்டு ஸ்பீக்கர்களுக்கு 'ஸ்மால்' கொடுப்பதே நல்லது. பேஸ் பூஸ்ட்டை அணைத்துவிட்டு, சப்வூஃபர் வால்யூமைப் பாதியில் வையுங்கள்.

பெட்டியை மூலையில் தள்ளினால் சத்தம் கூடும், தெளிவு குறையும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் உட்காரும் சோபாவில் சப்வூஃபரை வைத்து ஒரு பாட்டைப் போடுங்கள். சுவர் ஓரமாகக் குனிந்து மெதுவாக நகர்ந்து கேளுங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ, அங்கேதான் பெட்டியை வைக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க இளையராஜா பாட்டைவிட நல்ல கருவி இல்லை. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த கிட்டார் ஒவ்வொரு சுரமாக நடந்துபோவது தனித்தனியாகக் கேட்டால் செட்டிங் சரி. எல்லாம் ஒரே உறுமலாகக் கேட்டால் வால்யூமைக் குறையுங்கள்.

டைல்ஸ் தரையில் ஜமக்காளம் விரித்து, ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டால் வசனம் தெளிவாகக் கேட்கும். எதிரொலி குறைவதுதான் காரணம். ஆனால், பேஸை இவை அடக்காது. அதற்கு இடமும் அளவும்தான் மருந்து.

பக்கத்து வீட்டு டெஸ்ட்

ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது வரம்பு. தனிவீட்டு ஒலிபெருக்கியின் சத்தம் வீட்டு எல்லையில் இந்த வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. பல செட்களில் 'நைட் மோடு' இருக்கிறது. பத்து மணிக்கு மேல் அதைப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. படத்தை ஓடவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய் "கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டுக்கலாமா அக்கா?" என்று கேளுங்கள். அவர்கள் வீட்டில் தட்டு கடகடக்கவில்லை என்றால், உங்கள் செட்டிங் பாஸ்!