கைக்காசு கொடுத்தவர் யாரிடம் கேட்பது?

நீர் இறைக்கும் இயந்திரத்தின் பட்டியில் ஒருவரின் விரல் அகப்படுகிறது. கூரை வேலைக்கு ஏறிய கூலியாள் தவறி விழுகிறார். முதலில் காசு கொடுப்பவர் யார்? வட்டுக்கோட்டைப் பகுதியில் நாம் கண்ட வரையில், பெரும்பாலும் பக்கத்தில் நின்றவரே. ஓட்டோ பிடிப்பது, மருந்து வாங்குவது, காயப்பட்டவரின் வீட்டுக்கு அரிசி கொடுப்பது எல்லாம் அவருடைய மடியிலிருந்தே போகின்றன. இந்தக் காசை யாரிடம் மீளப் பெறலாம் என்ற கேள்வி பல வாரங்களின் பின்னரே எழுகிறது. அப்போது கையில் ஒரு பற்றுச்சீட்டும் இராது.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவை. வந்த இடத்தில் பிறர் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் கூலிக்குப் போனார்கள். போர் முடிந்தபின் வீட்டுத்திட்டங்கள் வந்தபோது, இவர்களிற் பலர் வேலை கொடுப்பவர்களாகவும் மாறினார்கள். 2012 இல் விரிவாக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டங்கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. மேசனைத் தேடிப் பிடித்தவரும் சம்பளம் பேசியவரும் பயனாளியே. கல்லுக்கும் சீமெந்துக்கும் ஓட்டுக்கும் கணக்குப் பார்த்தோம். விழப்போகும் மனிதனுக்குக் கணக்குப் பார்த்தவர் எத்தனை பேர்?

இந்நாட்டில் இதற்கென்று 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு தொழில் கொடுப்பவருடையது. அவரில் பிழை இருந்ததென்று வேலையாள் நிரூபிக்கத் தேவையில்லை. வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பதுமில்லை, வாய்ப்பேச்சுப் போதும். 2005 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நட்டஈட்டின் உச்ச எல்லை 550,000 ரூபா. ஒரு வீட்டுக்கும் ஓர் உயிருக்கும் ஒரே விலை என்று நாம் அக்காலத்தில் கசப்போடு பேசிக்கொண்டதுண்டு. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எல்லையை 20 இலட்சமாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அராலிப் பாதையால் விடிய முன்னர் சைக்கிளில் பட்டினத்துக்குப் போகிறவர்களுக்கு இது சிறிய காரியமல்ல.

இனி, கொடுத்த காசை மீளப் பெறுதல். ஒரு நிறுவனம் தன் தொழிலின் ஒரு பகுதியைக் கொந்தராத்துக்காரரிடம் ஒப்படைத்தால், அவருடைய ஆள் காயப்படும்போது அந்த நிறுவனத்திடமே நட்டஈடு கேட்கலாம். கொடுத்த நிறுவனம் பின்னர் கொந்தராத்துக்காரரிடமிருந்து அதை மீளப் பெறலாம். இதை மறுபக்கமாக விளங்கிக்கொள்பவர்கள் உண்டு. சிறு கொந்தராத்துக்காரர் தன் ஆளுக்குக் கொடுத்ததை மேலே உள்ளவரிடம் கேட்பதற்கு, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கவேண்டும். கையொப்பம் வைக்கமுன் அதைத்தான் பார்க்கவேண்டும்; நம்மவர்கள் தொகையை மட்டும் பார்ப்பார்கள்! வெளியார் ஒருவரின் பிழையால், உதாரணமாக வீதியில் லொறி மோதி, வேலையாள் காயப்பட்டால், நட்டஈடு கொடுத்த முதலாளி அந்த வெளியாரிடம் ஈடு கேட்கலாம். காப்புறுதி எடுத்திருந்தால், விபத்தை உடனே எழுத்தில் அறிவிக்கவேண்டும். காயம் ஆறியபின் அறிவித்தால் வாதாட்டமே மிஞ்சும்.

வீட்டுக்காரரின் நிலை வேறு. தன் வீட்டைக் கட்டுவது அவருடைய தொழிலல்ல. மேசன் மொத்தமாகப் பேசி, தன் ஆட்களைக் கொண்டுவந்தால், அவர்களுக்கு முதலாளி மேசனே. வீட்டுக்காரர் இரக்கத்தால் கொடுப்பது மேசனுக்காகக் கொடுத்த முற்பணமா, உதவியா என்பதை அன்றே ஒரு துண்டில் எழுதி, மேசனின் கையொப்பம் வாங்கவேண்டும். தன் பொறுப்பில் கள்ளுச் சீவுபவர் எவருக்கும் வேலையாளல்லர். பனையிலிருந்து விழுந்தால் இந்தச் சட்டம் அவரை எட்டியும் பாராது. இது பெருங்குறை என்பது எமது எண்ணம்.

ஒரு சீ.ஆர். கொப்பி போதும். வேலைக்கு வந்தவர் பெயர், நாள், சம்பளம், விபத்து நடந்த நேரம், பார்த்தவர்கள், கொடுத்த ஒவ்வொரு தொகை, வாங்கியவரின் கையொப்பம் அல்லது கைநாட்டு. சங்கானையிலோ மூளாயிலோ யாழ்ப்பாணத்திலோ மருத்துவம் செய்தால், அந்தத் துண்டுகளையும் அதற்குள் வையுங்கள். 1995 ஒக்டோபரில் உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் விட்டு ஓடியவர்களுக்குக் கடதாசியின் பெறுமதியை நாம் சொல்லித்தரத் தேவையில்லை.

“இனி ஒன்றும் கேட்கமாட்டேன்” என்று வேலையாளிடம் எழுதி வாங்கும் கடிதம் சட்டத்தின் முன் செல்லாது. மரணம் நேர்ந்தால் நட்டஈட்டைக் குடும்பத்தவரின் கையில் கொடுக்கக் கூடாது. வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்யவேண்டும். பங்கீடு அவருடைய வேலை. கோரிக்கைக்குரிய காலம் பொதுவாக 2 ஆண்டுகள். ஆணையாளரின் அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. போகமுன் யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் கொப்பியைக் காட்டி விசாரியுங்கள்.