பதக்கம் முந்தியது, மரியாதை பிந்தியது

2012 ஆகஸ்ட் 4 இரவு, லண்டன் ஒலிம்பிக் அரங்கம். 10,000 மீட்டர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் பிரிட்டன் வீரர் மோ ஃபாரா முன்னேறியபோது கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கத்தியது. ஒரே வாரத்தில் 5,000 மீட்டர் தங்கமும் அவருக்கே. தலைக்கு மேல் கைகளை வளைத்து அவர் காட்டிய 'மோபாட்' சைகையைக் குழந்தைகள் முதல் பிரதமர் வரை செய்து பார்த்தார்கள்.

அந்த ஆண்டு பிபிசியின் சிறந்த விளையாட்டு ஆளுமை விருதுக்கு மக்கள் வாக்களித்தபோது, முதல் மூன்று பேரில் அவர் இல்லை. 2016 ரியோவில் பயிற்சித் தோழர் கேலன் ரப்பின் கால் இடறி, 10,000 மீட்டர் ஓட்டத்தின் நடுவே தரையில் விழுந்தார். எழுந்தார், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், ஓடித் தங்கத்தையும் வென்றார். 5,000 மீட்டரிலும் தங்கம். அந்த ஆண்டும் முதல் மூன்றில் இடமில்லை. ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப் இரண்டிலும் சேர்த்துப் பத்துத் தங்கம் குவிந்த பிறகு, 2017இல்தான் விருது கைக்கு வந்தது.

பயிற்சியாளர் ஆல்பர்டோ சாலசார் மீது எழுந்த ஊக்கமருந்துப் புகார்களின் நிழல் ஃபாரா மீதும் விழுந்தது உண்மை. சாலசாருக்கு 2019இல் நான்காண்டுத் தடை வந்தது. ஃபாரா எந்தப் பரிசோதனையிலும் சிக்கியதில்லை. ஆனால் விருது தாமதமானதற்கு அந்த நிழல் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. வெற்றியாளரைத் தெரிந்த அளவுக்கு அந்த மனிதரை பிரிட்டனுக்குத் தெரியாது.

தெரிந்தது 2022 ஜூலையில். பெற்றோருடன் அகதியாக வந்தவர் என்றே அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். பிபிசி ஆவணப்படத்தில் அவரே உண்மையைச் சொன்னார். இயற்பெயர் ஹுசைன் அப்டி கஹின். சோமாலிலாந்தில் நடந்த சண்டையில், நான்கு வயதிலேயே தந்தையை இழந்தவர். ஒன்பது வயது வாக்கில், வேறொரு பையனின் பெயரில் ஒரு பெண் அவரை லண்டனுக்குக் கடத்தி வந்தார். உறவினர் முகவரி எழுதிய சீட்டைச் சிறுவனின் கண் முன்னாலேயே கிழித்துக் குப்பையில் போட்டார். அந்த வீட்டில் சமையலும், குழந்தைகளைக் குளிப்பாட்டுவதும் அவன் வேலை. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் ஆலன் வாட்கின்சனிடம்தான் முதலில் மனம் திறந்தான். அவர் முயற்சியில் சிறுவனுக்கு வேறு வீடு கிடைத்தது, 2000இல் குடியுரிமையும் கிடைத்தது.

பொய்ப்பெயரில் பெற்ற குடியுரிமையைச் சட்டப்படி பறிக்க இடமுண்டு. 'சர்' பட்டம் பெற்றவருக்கும் அந்த அச்சம் இருந்தது. உள்துறை அமைச்சகம் நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்று அறிவித்தது. அன்று அவருக்குக் கிடைத்த ஆதரவு பதக்கத்துக்கு விழுந்த கைதட்டல் அல்ல. வாய்திறந்த துணிச்சலுக்கான மதிப்பு. என் கணக்கில் அவர் ஓடிய எந்த ஓட்டத்தையும்விட இது பெரிது.

2023 செப்டம்பரில் கிரேட் நார்த் ரன் அரைமராத்தானில் நான்காவதாக வந்து ஓட்டத்திலிருந்து விடைபெற்றார். இரண்டே மாதத்தில், ஐநாவின் சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு அவரைத் தன் முதல் உலக நல்லெண்ணத் தூதராக நியமித்தது. தன்னைப் போலக் கடத்தப்படும் குழந்தைகளுக்காகப் பேசுவது இப்போது அவர் பொறுப்பு.