தலை ஏன் இவ்வளவு பெருசு?

யோருபா மரச்சிற்பம் ஒண்ணைப் பார்த்தா, முதல்ல கண்ணுல படுறது தலைதான். நிஜத்துல நம்ம உயரத்துல தலை சுமார் ஏழுல ஒரு பங்கு. அந்தச் சிற்பத்துல கிட்டத்தட்ட கால்வாசி! செதுக்கினவங்களுக்கு அளவு தெரியலையா?

நல்லாவே தெரியும். தென்மேற்கு நைஜீரியாவுல இஃபேன்னு ஒரு பழைய நகரம். 1938-ல் அங்கே வீடு கட்ட மண்ணைத் தோண்டினப்போ, செம்புக் கலவையில வார்த்த தலைகள் கிடைச்சது. உதடு, கன்னம், இமை எல்லாமே தத்ரூபம். இதே மாதிரி ஒரு தலையை 1910-லயே பார்த்த ஜெர்மன் ஆய்வாளர் லியோ ஃப்ரோபேனியஸ், ஆப்பிரிக்கர்கள் இதைச் செஞ்சிருப்பாங்கன்னு நம்பல. கடல்ல மூழ்கினதா கதை சொல்ற அட்லாண்டிஸோட மிச்சம்னு நினைச்சார்.

ஆனா 1957-ல் அதே இஃபேயில ஒரு முழு அரசர் சிலை கிடைச்சது. முகம் அச்சு அசல் மனுஷ முகம். தலை மட்டும் உயரத்துல கால்வாசி. அப்போ இது தவறு இல்லை, தெரிஞ்சே எடுத்த முடிவு.

காரணம், யோருபா மொழியில தலைக்கு உள்ள பேர்: ‘ஓரி’. அதுல ரெண்டு உண்டு. கண்ணுக்குத் தெரியுற வெளித்தலை, தெரியாத உள்தலை. அந்த உள்தலைதான் ஒருத்தரோட விதி. வானுலகத்துல அஜாலான்னு ஒரு குயவர் களிமண்ணுல தலைகள் செய்றார். பிறக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் அவர்கிட்ட போய் ஒண்ணை எடுத்துக்கணும். சிலது சரியா வேகாத தலை. வெளியிலிருந்து பார்த்தா தெரியாது. நாம தலையெழுத்துன்னு சொல்றது வேற யாரோ எழுதினது. இது தானே தேர்ந்தெடுத்தது.

இப்போ ‘இபேஜி’ பொம்மைகளைப் பாருங்க. உலகத்துலயே இரட்டைக் குழந்தைகள் அதிகம் பிறக்குற சமூகங்கள்ல யோருபா ஒண்ணு. இரட்டையர்ல ஒரு குழந்தை இறந்துட்டா, அதுக்காக மரத்துல ஒரு சின்ன உருவம் செதுக்குவாங்க. அம்மா அதைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, துணி போட்டுப் பார்த்துக்குவாங்க. குழந்தைக்கான உருவம்தான், ஆனா அதுக்குப் பெரியவங்களோட உடம்பும் முகமும். பெரிய தலையும்தான்.

மியூசியங்கள்ல இருக்குற பல இபேஜிகளோட முகம் வழவழன்னு தேய்ஞ்சிருக்கும். அது செதுக்கினவரோட குறை இல்லை. வருஷக்கணக்கா ஒரு அம்மா கழுவின தடம் அது.