தோனி அவுட்டானதும் சர்வருக்கு என்ன ஆகும்?

2019 ஜூலை 10, மான்செஸ்டர். மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போன உலகக் கோப்பை அரையிறுதி. மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட, தோனி ரன் அவுட்! நாமெல்லாம் தலையில கை வச்சு உட்கார்ந்த அந்த நிமிஷம், ஹாட்ஸ்டார் இன்ஜினியர்களுக்கு வேற டென்ஷன்.

அந்த மேட்ச்சை ஒரே நேரத்தில் 2.53 கோடி பேர் வரை ஆப்பில் பார்த்தார்கள். கூட்டம் ஏறினாத்தானே சர்வர் படுக்கும், இறங்கினா நிம்மதிதானே? அங்கதான் விஷயமே இருக்கு. வீடியோ வருவது ஊர் ஊராக வைத்திருக்கும் சிடிஎன் சர்வர்களில் இருந்து. ஆனால் விக்கெட் விழுந்ததும் கடுப்பில் எல்லாரும் பேக் பட்டனை அழுத்துவார்கள். ஆப் மூடாது, முகப்புப் பக்கம் திறக்கும். பாதியில் விட்ட சீரியல், பிடிக்கக்கூடிய படம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தேடித் தரவேண்டிய பக்கம் அது. கோடிப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால்?

கூட்டத்தைப் பார்த்துத் தானாகவே சர்வரைக் கூட்டும் ஆட்டோ ஸ்கேலிங் இதற்கு உதவாது. புது சர்வர் எழுந்து வருவதற்குள் எல்லாம் முடிஞ்சிடும். அதனால் மேட்ச்சுக்கு முன்பே சர்வர்களை எழுப்பி வைத்துவிடுகிறார்கள். அதுவும் பத்தலைன்னா, பரிந்துரைகளை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் ஒரே பக்கம். வீடியோ ஓடணும், அவ்வளவுதான்.

ரிசல்ட் அன்னைக்கு ரிஃப்ரெஷ் பண்ணியே விரல் தேய்ஞ்ச நமக்கு இந்த வலி புரியும். நம்ம ப்ராஜெக்ட்ல லோட் டெஸ்ட் பண்ணும்போது உள்ளே வர்ற கூட்டத்தை மட்டும்தான் பார்க்கிறோம். எல்லாரும் ஒண்ணா பேக் அழுத்தினா எந்தப் பக்கம் திறக்கும்னும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்க.